காருக்கு 2 பவுண்ட்: மினி கூப்பரில் இருக்கும் கூப்பர் யார்?

சிக்னலில் ஒரு மினி கூப்பர் வந்து நின்றால் பக்கத்து பைக்கில் இருப்பவர் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார். நம்ம ஊரில் அந்த பிராண்டின் எந்த காரைப் பார்த்தாலும் மினி கூப்பர் என்றுதான் சொல்கிறோம். மினி புரிகிறது, சின்ன கார். கூப்பர்?

அது ஒரு ஆளின் பெயர். ஜான் கூப்பர், இங்கிலாந்துக்காரர். 1923-ல் பிறந்தார், 2000-ல் இறந்தார். மினி காரை வடிவமைத்தவர் அவர் இல்லை. மினி தயாரித்த கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவரும் இல்லை. சாதாரண மக்களுக்காக வந்த ஒரு மலிவு விலை காரைப் பார்த்து, இதில் ஒரு வேகமான வெர்ஷன் போட்டால் விற்கும் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னவர். அதற்காக அவருக்குக் கிடைத்தது, விற்கும் ஒவ்வொரு காருக்கும் 2 பவுண்ட்.

பத்து வருஷம் கழித்து அந்த 2 பவுண்டையும் மிச்சப்படுத்தலாமே என்று கம்பெனி முடிவெடுத்தது. பெர்ஃபார்மன்ஸ் எடிஷன், லிமிடெட் எடிஷன் என்று இன்று கார் கம்பெனிகள் விற்கும் வண்டிகளின் பின்னால் இருக்கும் பிசினஸ் கணக்கு புரிய, இவருடைய வாழ்க்கையைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ரெண்டு ஃபியட்டை வெட்டி ஒரு ரேஸ் கார்

லண்டனுக்குத் தென்மேற்கே சர்பிட்டன் என்று ஒரு ஊர். அங்கே ஜானின் அப்பா சார்லஸ் கூப்பர் ஒரு கராஜ் வைத்திருந்தார். ரேஸ் டிரைவர்களுக்கு மெக்கானிக்காக இருந்த அனுபவம் அவருக்கு உண்டு. ஜான் 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு டூல் மேக்கர் தொழில் பழகப் போனார். இன்ஜினீயரிங் டிகிரி எதுவும் கிடையாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். பிரிட்டனில் பெட்ரோல், இரும்பு எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ஆனாலும் ரேஸ் பைத்தியம் பிடித்த இளைஞர்கள் 500 சிசி மோட்டார் சைக்கிள் இன்ஜினை வைத்து சின்ன ரேஸ் கார்கள் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். 1946-ல் ஜானும் அவருடைய நண்பர் எரிக் பிராண்டனும் அதில் இறங்கினார்கள். கையில் பணம் இல்லை. ஃபியட் டோப்போலினோ என்ற குட்டி காரின் முன்பக்கம் இரண்டை எடுத்து, ஒன்றை முன்னாலும் இன்னொன்றைத் திருப்பிப் பின்னாலும் வைத்து ஒட்டினார்கள். நாலு சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் ரெடி. ஜேப் மோட்டார் சைக்கிள் இன்ஜினை டிரைவருக்குப் பின்னால் பொருத்தினார்கள். பெரிய தத்துவம் எல்லாம் கிடையாது. செயின் போட்டுப் பின்சக்கரத்தைச் சுழற்ற அதுதான் சுலபமான இடம்.

வண்டி ஜெயிக்க ஆரம்பித்ததும் மற்றவர்களும் கேட்டு வந்தார்கள். அப்பாவும் மகனும் ரேஸ் கார் கட்டி விற்கும் வியாபாரிகள் ஆனார்கள். ஆரம்ப காலத்தில் வாங்கியவர்களில் ஒருவர் ஸ்டிர்லிங் மாஸ், அப்போது டீன் ஏஜ் பையன். பிறகு உலகமே கொண்டாடிய டிரைவர்.

கூப்பர் கம்பெனியின் கணக்கு இங்கேயே தெளிவாகத் தெரிகிறது. ஃபெராரி மாதிரி பெரிய கம்பெனிகள் இன்ஜினையே சொந்தமாகச் செய்தன. கூப்பர்கள் கிடைப்பதை வாங்கினார்கள். தீயணைப்பு பம்புகளுக்கும் ஃபோர்க்லிஃப்டுகளுக்கும் பேர்போன கோவென்ட்ரி கிளைமேக்ஸ் கம்பெனியிடமிருந்து ரேஸ் இன்ஜின். சிட்ரோயன் காரின் கியர்பாக்ஸை வாங்கி, வேலை பார்த்து மாற்றிக்கொண்டார்கள். ஒரே டிசைனில் பல வண்டி கட்டி, தங்களுக்கு வைத்துக்கொண்டது போக மீதியை கஸ்டமர்களுக்கு விற்றார்கள். சொந்த டீமின் செலவில் ஒரு பங்கை அந்த விற்பனையே பார்த்துக்கொண்டது.

இப்படி ஓடிய ஒரு கராஜ் கம்பெனி 1959, 1960 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனது. டிரைவர் ஆஸ்திரேலியாவின் ஜாக் பிராபம். இன்ஜினைப் பின்னால் வைக்கும் கூப்பர் பாணியை அதுவரை கண்டுகொள்ளாத ஃபெராரியும் 1961-ல் அதற்கு மாறியது. இன்று வரை ஃபார்முலா ஒன் காரில் இன்ஜின் டிரைவருக்குப் பின்னால்தான்.

விற்றாலும் காசு தேறாத கார்

அதே 1959-ல்தான், ஆகஸ்ட் மாசம், மினி வந்தது. 1956 சூயஸ் நெருக்கடியில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும், கொஞ்சமாக பெட்ரோல் குடிக்கும் ஒரு கார் வேணும் என்று பி.எம்.சி, அதாவது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், நினைத்தது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்பாக்ஸை அதற்கு அடியில் செருகி, வெறும் 10 அடி நீளத்தில் நாலு பேர் உட்காரும் காரைக் கொடுத்தார். 848 சிசி, 34 குதிரைத்திறன். வரியோடு சேர்த்து 497 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு.

அந்த விலைதான் பிரச்சினையே. போட்டிக் கம்பெனியான ஃபோர்டு ஒரு மினியை வாங்கி, போல்ட் போல்ட்டாகப் பிரித்து, தயாரிப்புச் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. ஒவ்வொரு காருக்கும் பி.எம்.சி சுமார் 30 பவுண்ட் நஷ்டப்படுகிறது என்பது ஃபோர்டு போட்ட கணக்கு. பி.எம்.சி இதை ஒத்துக்கொள்ளவில்லை. சரியான தொகை என்னவாக இருந்தாலும், மினியில் பெரிய லாபம் இல்லை என்பதில் பெரிய தகராறு இல்லை. லட்சக்கணக்கில் விற்றது, காசு தேறவில்லை.

ஜான் கூப்பருக்கு இசிகோனிஸ் பழைய நண்பர். கூப்பரின் ஃபார்முலா ஜூனியர் ரேஸ் கார்களில் ஓடியது பி.எம்.சி-யின் ஏ சீரிஸ் இன்ஜின், மினியில் இருக்கும் அதே இன்ஜின் குடும்பம். அதைத் தட்டி எடுத்தால் எவ்வளவு பவர் வரும் என்பது கூப்பருக்கு ஏற்கெனவே தெரியும். அந்த வேலைக்கான செலவை ரேஸ் பட்ஜெட் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. பிசினஸ் பார்வையில் இது முக்கியம். பி.எம்.சி வாங்கப்போகும் அறிவுக்கு வேறொருவர் முன்கூட்டியே காசு கொடுத்திருந்தார்.

மினியை ஓட்டிப் பார்த்ததும் கூப்பருக்கு அதன் ரோட் ஹோல்டிங் பிடித்துப்போனது. சின்ன கார், சக்கரங்கள் நாலு மூலைக்கும் தள்ளி வைக்கப்பட்டிருந்தன, வளைவில் ஒட்டிக்கொண்டு போனது. 1959 இத்தாலி ரேஸுக்கு கூப்பர் டீமின் ராய் சால்வடோரி ஒரு மினியிலேயே மோன்சா வரை போனதாகவும், ஆஸ்டன் மார்ட்டினில் கிளம்பியவரைவிட முன்னதாகப் போய்ச் சேர்ந்ததாகவும் ஒரு கதை ரொம்ப நாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்தக் காரைப் பற்றி ரேஸ்காரர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதை அது காட்டுகிறது.

இசிகோனிஸுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. அவர் செய்தது டிஸ்ட்ரிக்ட் நர்ஸும் குடும்பஸ்தரும் ஓட்டுகிற கார். அதை ரேஸ் வண்டி ஆக்குவதில் அவருக்கு ஆர்வமே இல்லை. கூப்பர் அவரைத் தாண்டி, பி.எம்.சி-யின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜார்ஜ் ஹாரிமனிடம் போனார். ஒரு காரைக் கொடுத்து, என்ன செய்ய முடியும் என்று காட்டுங்கள் என அனுப்பினார்கள். செய்து கொண்டுவந்து காட்டினார். ஹாரிமன் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் 1,000 கார் விற்குமா என்பதே அவருக்குச் சந்தேகம்.

ஏன் சரியாக 1,000?

இந்த எண்ணை மார்க்கெட்டிங் டீம் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. ரேஸ் விதி முடிவு செய்தது. அதற்குப் பெயர் ஹோமோலோகேஷன். ரோட்டில் ஓடும் கார்களுக்கான ரேஸில் ஒரு கம்பெனி பங்கேற்க வேண்டும் என்றால், ரேஸுக்காக மட்டும் ஒன்றிரண்டு ஸ்பெஷல் வண்டி கட்டிக்கொண்டு வரக்கூடாது. அதே காரைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தயாரித்து, பொதுமக்களுக்கும் விற்றிருக்க வேண்டும். மினி ஓட வேண்டிய பிரிவில் அந்த எண்ணிக்கை 1,000.

இந்த மாதிரி கார்களின் பொருளாதாரமே இங்கேதான் திரும்புகிறது. ரேஸுக்கு ஆகும் டெவலப்மென்ட் செலவு எப்படியும் ஆகத்தான் போகிறது. விதி இல்லை என்றால் அது முழுக்க விளம்பரச் செலவு, திரும்பி வராது. 1,000 பேருக்கு விற்றே ஆகணும் என்று விதி சொல்வதால், அந்தச் செலவின் ஒரு பகுதி கஸ்டமரின் பாக்கெட்டிலிருந்து திரும்பி வருகிறது. சும்மா ஒரு உதாரணத்துக்கு, ஒரு ஸ்பெஷல் வெர்ஷன் செய்ய 1 லட்சம் பவுண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 காரோடு நிறுத்தினால் ஒரு காரின் தலையில் 100 பவுண்ட் விழும். 25,000 கார் விற்றால் வெறும் 4 பவுண்ட். ஹாரிமன் பயந்தது முதல் கணக்கைப் பார்த்து. நடந்தது இரண்டாவது மாதிரி.

1961 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த மினி கூப்பரில் என்னென்ன மாற்றினார்கள், எதைத் தொடவே இல்லை என்று பார்த்தால் இன்னும் புரியும். ஒரு காரில் அதிகச் செலவு பிடிப்பது பாடிக்கான அச்சுகள், அதாவது தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் டூல்கள். அவற்றைத் தொடவில்லை. அதே பாடி, அதே கதவு, அதே சஸ்பென்ஷன், அதே அசெம்பிளி லைன். கிராங்க்கை மாற்றி ஸ்ட்ரோக்கை நீட்டி, இன்ஜினை 997 சிசி ஆக்கினார்கள். ஒரு கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு. பவர் 34-லிருந்து 55 குதிரைத்திறன். கியர் லீவர் கைக்கு எட்டும்படி பின்னால் வந்தது. முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். மினியின் சக்கரமே 10 இஞ்ச்தான் என்பதால் அதற்குள் அடங்கும்படி 7 இஞ்ச் டிஸ்க் ஒன்றை லாக்ஹீட் கம்பெனி செய்து கொடுத்தது. (பிரேக் பத்தவில்லை என்று ஓட்டியவர்கள் புலம்பினார்கள், அது வேற விஷயம்.)

விலை சுமார் 679 பவுண்ட். இரண்டு வருஷத்துக்கு முன் வந்த அடிப்படை மினியின் விலையோடு வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். அந்தக் கூடுதல் தொகை அப்படியே லாபம் இல்லை. டிஸ்க்குக்கும் கார்புரேட்டருக்கும் கிராங்க்குக்கும் காசு போகும், வரியும் உண்டு. ஆனால் வாங்குபவரின் மனசு வேறு மாதிரி வேலை செய்கிறது. அடிப்படை மினி வாங்குபவர் 10 பவுண்ட் கூடினாலும் யோசிப்பார், பக்கத்து ஷோரூமில் ஃபோர்டு ஆங்கிலியா நிற்கிறது. கூப்பர் வாங்க வருபவரிடம் ஒப்பிட வேறு காரே இல்லை. அதே வேகத்தை ஸ்போர்ட்ஸ் காரில் தேடினால் விலை இன்னும் மேலே போகும், பின் சீட்டும் இருக்காது. மெயின் காரில் விலையை ஏற்ற முடியாத கம்பெனிக்கு, விலை ஏற்றக்கூடிய ஒரு இடம் கிடைத்தது.

கூப்பரின் 2 பவுண்ட் இதில் எங்கே வருகிறது? 679-ல் 2 என்பது 0.3 சதவீதம். அதற்கு பி.எம்.சி-க்குக் கிடைத்தது ஒரு உலக சாம்பியனின் பெயர், அவருடைய ரேஸ் அனுபவம், கூடவே டிராக்கில் மினி ஓட்டும் ஒரு டீம். விற்றால்தான் காசு. விற்காவிட்டால் பி.எம்.சி-க்கு அந்த வகையில் செலவே இல்லை. ரிஸ்க்கின் ஒரு பகுதியை கூப்பர் தன் தலையில் ஏற்றிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் வெர்ஷனான 997 சிசி கார் மட்டும் சுமார் 25,000 விற்றது. ஹாரிமன் பயந்த எண்ணைப்போல 25 மடங்கு.

பனியில் கிடைத்த விளம்பரம்

அடுத்து வந்தது கூப்பர் எஸ். 1963-ல் 1,071 சிசி, 70 குதிரைத்திறன். இது முதல் கூப்பர் மாதிரி கைக்குக் கிடைத்த பார்ட்ஸை வைத்துச் செய்தது இல்லை. டவுன்டன் என்ற டியூனிங் கம்பெனியின் டேனியல் ரிச்மண்டின் அனுபவமும் சேர்ந்தது. ரேஸ் வேகத்தைத் தாங்க நைட்ரைடிங் செய்த கிராங்க்ஷாஃப்ட், பெரிய டிஸ்க் பிரேக், அதற்கு சர்வோ. செலவு பிடித்த சாமான்கள்.

1964-ல் கூப்பர் எஸ்ஸை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று 1,275 சிசி. இன்னொன்று 970 சிசி. புது மாடலுக்கு ஏன் சின்ன இன்ஜின்? ரேஸில் 1,000 சிசி-க்குக் கீழே ஒரு பிரிவு இருந்தது, அதில் ஜெயிக்க. ஷோரூமில் நின்று யோசிக்கும் ஆளுக்கு இந்தக் கார் தேவையே இல்லை, ரேஸ் விதிக்கு மட்டுமே தேவை. அதனால் ஒரு வருஷத்துக்குள் தயாரிப்பு முடிந்தது, மொத்தம் ஆயிரத்துக்கும் குறைவாகத்தான் வந்தன. இன்று பழைய மினி சேகரிப்பவர்கள் தேடி அலையும் மாடல்களில் அதுவும் ஒன்று. 1,275 சிசி எஸ் ஏழு வருஷம் ஓடியது.

அதே 1964 ஜனவரியில் மான்டி கார்லோ ராலி. பனி கொட்டும் மலைப்பாதைகள். பேடி ஹாப்கிர்க் ஓட்டிய மினி கூப்பர் எஸ் முதலிடம். அதற்குப் பின்னால் இரண்டாவதாக வந்தது அமெரிக்காவின் ஃபோர்டு ஃபால்கன், 4.7 லிட்டர் வி8 இன்ஜின். சின்ன இன்ஜினுக்குச் சாதகமான ஹேண்டிகேப் கணக்கு ஒன்று அந்த ராலியில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லணும். டிவியில் அதைப் பார்த்தவர்கள் யாரும் ஹேண்டிகேப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. ஜெயித்த காரை விமானத்தில் கொண்டுவந்து லண்டன் பலேடியம் அரங்க நிகழ்ச்சியில் மேடை ஏற்றினார்கள். 1965-ல் டிமோ மேக்கினன் மறுபடியும் ஜெயித்தார்.

1966-ல் நடந்ததுதான் தமாஷ். முதல் மூன்று இடத்திலும் மினி. ஆனால் ஹெட்லைட்டில் டிம் ஆகும் விதம் விதிப்படி இல்லை என்று சொல்லி மூன்றையும் தகுதிநீக்கம் செய்தார்கள், வெற்றி சிட்ரோயனுக்குப் போனது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் கொதித்தன. ஜெயித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட அதிக விளம்பரம் கிடைத்தது. 1967-ல் ரௌனோ ஆல்டனன் திரும்பப் போய் ஜெயித்தார்.

ராலியில் ஜெயித்தது கூப்பர் எஸ். அதைப் பார்த்து ஷோரூமுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வாங்கியது சாதாரண 848 சிசி மினி. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே கார்தானே. தெருவில் நிற்கும் உங்கள் வண்டிக்கும் மான்டி கார்லோ ஜெயித்த வண்டிக்கும் ஒரே முகம். இந்த லாபத்தை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தனி வரியாக எழுத முடியாது. பின்னால் வந்த பிரச்சினைக்கு வேர் இதுதான் என்று தோன்றுகிறது. கூப்பருக்குக் கொடுத்த 2 பவுண்ட் செலவுப் பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது. அது கொண்டுவந்தது வரவுப் பக்கத்தில் தனியாகத் தெரியவே இல்லை.

கூப்பரின் சொந்த வாழ்க்கை அந்த வருஷங்களில் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் ஒரு இன்ஜின் என்று சோதனைக்காகக் கட்டிய மினியை ஓட்டிப் போனபோது பெரிய விபத்து, மோசமான காயம். 1964-ல் அப்பா சார்லஸ் இறந்தார். ஃபார்முலா ஒன்னில் லோட்டஸ் மாதிரி டீம்கள் கூப்பரின் ஐடியாவையே எடுத்து இன்னும் மேலே கொண்டு போய்விட்டன. 1965-ல் ரேஸ் கம்பெனியை விற்றார். மினி கூப்பர் ராயல்டி மட்டும் வந்துகொண்டிருந்தது.

புது முதலாளி, பழைய பில்

1968-ல் பி.எம்.சி-யும் லேலேண்டும் இணைந்து பிரிட்டிஷ் லேலேண்ட் உருவானது. தலைமைக்கு வந்தவர் டொனால்ட் ஸ்டோக்ஸ், லாரி பஸ் விற்பனையில் பேர் வாங்கியவர். அவர் கைக்கு வந்தது ஏகப்பட்ட தொழிற்சாலைகள், ஒன்றோடு ஒன்று மோதும் மாடல்கள், ஓயாத ஸ்ட்ரைக், காசு தேறாத ஒரு ஹிட் கார்.

செலவைக் குறை என்று ஆரம்பித்தார்கள். வெளியாட்களுக்குப் போகும் ராயல்டி எல்லாம் கண்ணில் பட்டது. கூப்பருக்கு மட்டுமில்லை, ஆஸ்டின் ஹீலி ஸ்போர்ட்ஸ் கார்களின் பெயருக்குச் சொந்தக்காரரான டொனால்ட் ஹீலிக்கும் அதே கதிதான். 1969-ல் சாதாரண மினி கூப்பர் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் 1275 ஜிடி வந்தது, யாருக்கும் ராயல்டி கொடுக்கத் தேவையில்லாத பெயர். ராலிகளில் ஜெயித்த ஆபிங்டன் போட்டிப் பிரிவை 1970-ல் மூடினார்கள். 1971-ல் கடைசியாக இருந்த கூப்பர் எஸ்ஸும் போனது.

ஸ்டோக்ஸை வில்லனாக்குவது சுலபம், நிறைய பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் அவ்வளவு முட்டாள்தனமான முடிவாகத் தெரியாது. கம்பெனி தள்ளாடுகிறது. ராலி டீமுக்கு ஒரு செலவு, ஸ்பெஷல் கிராங்க்குக்கு ஒரு செலவு. 1971-ல் மினி ராலி ஜெயிக்கும் நிலையிலும் இல்லை, போர்ஷே 911-ம் ஆல்பைனும் வந்துவிட்டன. தப்பு எங்கே என்றால், கூப்பர் என்ற பெயரை ஸ்டிக்கர் மாதிரி நினைத்ததில். மொத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூப்பர்கள் விற்றிருந்தன. காருக்கு 2 பவுண்ட் என்றால், முழுப் பத்து வருஷத்துக்கும் சேர்த்தே அது ஒரு பெரிய கம்பெனியை மூழ்கடிக்கும் தொகை கிடையாது.

பிரிட்டனில் நிறுத்தியதை இத்தாலியில் நிறுத்தவில்லை. அங்கே லைசென்ஸில் மினி தயாரித்த இன்னொசென்டி கம்பெனி 1975 வரை மினி கூப்பர் 1300 விற்றுக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. 1969-ல் வந்த தி இத்தாலியன் ஜாப் படத்தில் மூன்று மினி கூப்பர்கள் டூரின் நகரின் படிக்கட்டிலும் சாக்கடைக் குழாயிலும் பாய்ந்து ஓடும். இன்றும் ரீல்ஸில் சுற்றும் காட்சி. அந்தப் படத்துக்கு மினி கம்பெனி பெரிதாக உதவவில்லை என்றும், வேணும் என்கிற அளவுக்கு இலவசமாக கார் தருகிறோம் என்று ஃபியட் முன்வந்தும் படக்குழு மினியோடு நின்றது என்றும் சொல்லப்படுகிறது.

கராஜிலிருந்து மறுபடியும்

1971-ல் கூப்பர் தெற்குக் கடற்கரையோரம் ஃபெரிங் என்ற சின்ன ஊரில் கராஜ் நடத்தப் போனார். இரண்டு முறை உலக சாம்பியன் கார் கட்டியவர், அப்பா செய்த தொழிலுக்கே திரும்பினார்.

1980களில் ஒரு எதிர்பாராத இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஜப்பான். அங்கே பழைய மினிமேல் தனிப் பைத்தியம். மினி இன்னும் தயாரிப்பில் இருந்தது, ஆனால் கூப்பர் இல்லை. ஜான் கூப்பர் தன் கராஜில் பர்ஃபார்மன்ஸ் கிட் தயார் செய்தார். இரண்டு கார்புரேட்டர், வேலை செய்த சிலிண்டர் ஹெட், எக்ஸாஸ்ட். புது மினியில் போட்டுக்கொண்டால் ஒரு மாதிரி கூப்பர் ஆகிவிடும். பெரிய கம்பெனி முதலீடு செய்யத் தயங்கும் இடத்தில் ஒரு சின்ன கராஜ் மார்க்கெட்டை டெஸ்ட் பண்ணிக் காட்டியது. 1961-ல் நடந்த அதே கதை, இன்னும் சின்ன அளவில்.

கம்பெனியின் பெயர் அதற்குள் ரோவர் என்று ஆகியிருந்தது. 1990-ல் ரோவர் கூப்பர் பெயரைத் திரும்பக் கொண்டுவந்தது, முதலில் குறைந்த எண்ணிக்கையில் ஒரு ஸ்பெஷல் எடிஷன். 30 வருஷப் பழைய டிசைன், புதுசாகச் செலவு செய்ய வேண்டியது ரொம்பக் குறைவு. வேகமாக விற்றுத் தீர்ந்ததும் சில மாதங்களிலேயே ரெகுலர் மாடல் ஆக்கிவிட்டார்கள். 20 வருஷம் முன்னால் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட பெயர்தான் வயசான மினிக்கு இன்னும் பத்து வருஷ ஆயுள் கொடுத்ததில் பெரும் பங்கு.

1994-ல் பி.எம்.டபிள்யூ ரோவரை வாங்கியது. 2000-ல் ரோவரைக் கைகழுவியபோதும் மினியை மட்டும் விடவில்லை. அந்த வருஷம் அக்டோபரில் பழைய மினியின் தயாரிப்பு முடிந்தது. 41 வருஷத்தில் சுமார் 53 லட்சம் கார்கள். லைனிலிருந்து கடைசியாக வந்தது ஒரு சிவப்பு நிற கார், அது கூப்பர். அதே வருஷம் டிசம்பர் 24 அன்று ஜான் கூப்பர் இறந்தார். வயது 77.

2001-ல் புது மினி ஷோரூமுக்கு வந்தபோது மாடல்களின் பெயர் ஒன், கூப்பர், பிறகு கூப்பர் எஸ். ஒரு காலத்தில் 1,000 விற்குமா என்று பயந்த ஸ்பெஷல் எடிஷன், அப்போது தினசரி ரேஞ்சின் நடு மாடல் ஆகிவிட்டது. வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு ரேஸோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. மினியின் கன்ட்ரிமேன் மாடல் 2013-லிருந்து சென்னைக்கு அருகே பி.எம்.டபிள்யூ ஆலையிலும் அசெம்பிள் செய்யப்பட்டது, அதன் பின்கதவிலும் கூப்பர் பெயர்.

கூப்பர் என்பது ரெகுலர் ஆகிவிட்டதால் அதற்கு மேலே இன்னொரு ஸ்பெஷல் தேவைப்பட்டது. ஜானின் மகன் நடத்திய ஜான் கூப்பர் ஒர்க்ஸ் முதலில் மினிக்கு டியூனிங் கிட் விற்றது, அப்பா ஜப்பானுக்கு அனுப்பிய மாதிரியே. பிறகு அந்தப் பெயரையும் பி.எம்.டபிள்யூ வாங்கிக்கொண்டது. ஸ்டோக்ஸ் 2 பவுண்ட் கொடுக்க மறுத்த பெயருக்கு, காசு கொடுத்து வாங்க ஆள் வந்தது.

2006-ல் ஜான் கூப்பர் ஒர்க்ஸ் ஜிபி என்று ஒரு மாடல். பின் சீட்டை எடுத்துவிட்டு, எடையைக் குறைத்து, விலையை ஏற்றி, மொத்தம் 2,000 கார் மட்டும். அடுத்த ஜிபியும் 2,000. 2020-ல் வந்தது 3,000. இந்த எண்களை எந்த ரேஸ் விதியும் கேட்கவில்லை. கம்பெனியே உட்கார்ந்து முடிவு செய்தது.